களைச்சுப் போன மண்ணைத் தேத்துவது எப்படி?

லயத்துக்குப் பின்னால இருக்கிற மரக்கறித் துண்டு நம்ம குடும்பங்களுக்குப் பெரிய கைகொடை. கறிக்குக் கீரை, பிள்ளைகளுக்குக் கரட், மிஞ்சினால் கடைக்கு நாலு கிலோ போஞ்சி என்று அது தருகிறது. ஆனால் இப்போ பல தோட்டங்களிலும் ஒரே பேச்சுத்தான்: "முந்தி மாதிரி விளையுறதில்லை. பசளை போட்டால்தான் எதுவும் வருது. போட்ட பசளையும் பிடிக்குதில்லை."

பசளை விலையும் நமக்குத் தெரியும். காசைக் கொட்டியும் விளைச்சல் இல்லை என்றால் கோளாறு பயிரில் இல்லை, மண்ணில் இருக்கு. களைச்சுப் போன மண்ணைத் தேத்தலாம். அதுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி நம்ம வீட்டிலும் வேலியோரத்திலும் சும்மா கிடக்கு. ஆனால் ஒரு போகத்தில் முடிகிற வேலை இல்லை. இரண்டு, மூன்று போகம் பொறுமையாகச் செய்யணும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

1. மண் ஏன் களைச்சுப் போகுது?

நம்ம மலைகள் ஒரு காலத்தில் பெருங்காடு. காட்டு மரங்கள் உதிர்த்த இலை பல நூறு வருஷமாக மக்கி, மேலே கறுப்பு மண்ணாகப் படிந்திருந்தது. கோப்பிக் காலத்தில் அந்தக் காட்டை வெட்டி எரித்தார்கள். ஒரு புல் பூண்டு இல்லாமல் நிலத்தைச் சுரண்டி வைப்பதுதான் நல்ல வேலை என்று அப்போ நினைத்தார்கள். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. பிறகு கோப்பி மலையெல்லாம் தேயிலை மலையானது. மண் மட்டும் புதுசாக வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கறுப்பு மண் கழுவிக்கொண்டு போய், இன்றைக்குப் பல இடங்களில் அடியில் இருந்த சிவப்பு மண்தான் மேலே தெரியுது.

கறுப்பு மண்ணில் இருக்கிற மக்கிய பொருள் மூன்று வேலை செய்கிறது.

ஒன்று, பசை மாதிரி மண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். அதனால் மழை அடித்தாலும் மண் சட்டென்று கரையாது.

இரண்டு, பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைக்கும். வெயில் காலத்தில் பயிர் சீக்கிரம் வாடாது.

மூன்று, நாம் போடுகிற பசளையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும்.

மக்கு இல்லாத மண்ணில் யூரியா போட்டால், அடுத்த பெருமழையில் பாதி கானோடு போயிடும். பொசுபரசுப் பசளை போட்டால், சிவப்பு மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "போட்ட பசளை பிடிக்குதில்லை" என்பதன் அர்த்தம் இதுதான்.

2. உங்க மண் எப்படி இருக்கு? மூன்று சோதனை

காசு செலவு இல்லை. மழை பெய்து இரண்டு நாள் கழித்துக் காலையில் செய்து பாருங்க.

புழுச் சோதனை: ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, எடுத்த மண்ணை ஒரு சாக்கில் கொட்டி உடைத்துப் பாருங்க. பத்து மண்புழுவுக்கு மேல இருந்தால் உயிருள்ள மண். மூன்று நாலுதான் என்றால் அது பசியில் இருக்கிற மண்.

கட்டிச் சோதனை: காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் கிளாஸில் உள்ள தண்ணீரில் மெதுவாகப் போடுங்க. உடனே கரைந்து கலங்கினால் மண்ணில் பசை இல்லை. நல்ல மண்கட்டி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

டின் சோதனை: பழைய பால்மா டின்னின் மேலும் கீழும் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு அங்குலம் மண்ணில் அமுக்கி, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்க. வற்ற எத்தனை நிமிஷம் ஆகுது என்று குறித்து வைங்க. தண்ணீர் ரொம்ப நேரம் மேலேயே நின்றால் மண் இறுகிக் கிடக்கு.

மூன்றையும் பிள்ளைகளின் கொப்பியில் திகதியோடு எழுதச் சொல்லுங்க. ஒரு வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி செய்தால், பட்ட பாட்டுக்குப் பலன் இருக்கா என்று தெரியும்.

3. முதலில் ஓட்டையை அடைக்கணும்

ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. ஒரு பேர்ச் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு மண் கழுவிப் போனால், அது சுமார் 30 கிலோ. அதாவது பெரிய மூட்டை ஒன்றின் பாரம். ஒரு மில்லிமீற்றர் என்பது நம்ம நகத்தின் கனம் அளவுதான். கண்ணுக்குத் தெரியாமலே மூட்டை மூட்டையாகப் போகுது.

பாத்தியை மேலிருந்து கீழாக வெட்டாமல், மலைக்குக் குறுக்கே வெட்டுங்க. தண்ணீர் ஒவ்வொரு பாத்தியிலும் நின்று இறங்கும்.

பாத்தியின் கீழ் ஓரத்தில் மானாப் புல்லோ வெட்டிவேரோ நெருக்கமாக நடுங்க. கல் கிடைத்தால் சின்னக் கல்லணை கட்டுங்க.

வெறும் மண்ணை வெயிலுக்கும் மழைக்கும் காட்டாதீங்க. வெட்டின புல், காய்ந்த இலை எதையாவது மூன்று அங்குலம் பரப்பி மூடி வைங்க. புல்லைச் சுரண்டி எடுக்காமல், வெட்டி அங்கேயே போடுறது நல்லது.

மலையில் கான் வெட்டும்போது இடையிடையே மண் தடுப்பு விடுறது எல்லாருக்கும் தெரியும். அதே முறையை வீட்டுத் துண்டிலும் செய்யுங்க. கானில் தங்குகிற வண்டல் மண்ணை வாரி மறுபடி பாத்தியில் போடுங்க. அது நம்ம மண்தான், திரும்பி வரட்டும்.

தேயிலை மலையை மறுநடுகை செய்யும் முன் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ நட்டு, 18 முதல் 24 மாசம் வரை விடுறதைப் பார்த்திருப்பீங்க. புல்லை வெட்டி வெட்டி அங்கேயே மூடுவாங்க. அது நிலத்தைச் சும்மா போட்டு வைக்கிற வேலை இல்லை. களைத்த மண்ணைத் தேத்துகிற வைத்தியம்.

4. கூட்டெருக் குவியல் போடும் முறை

மக்கு தானாக வரக் காலம் ஆகும். நாம் சேர்த்துச் செய்வதுதான் கூட்டெரு. மக்க வைக்கிற நுண்ணுயிர்களும் நம்மளைப் போலத்தான். வெறும் சோறும் போதாது, வெறும் கறியும் போதாது. காய்ந்த புல், சருகு, வைக்கோல், கடதாசி எல்லாம் அதுகளுக்குச் சோறு. பச்சை இலை, சாணி, மரக்கறிக் கழிவு எல்லாம் கறி. காய்ந்தது இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு என்று கணக்கு வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

இடம்: தண்ணீர் தேங்காத, நிழலான இடம். குடிதண்ணீர்ப் பீலிக்கும் கிணற்றுக்கும் மேல்பக்கமாக ஒருக்காலும் போடாதீங்க. கழிவுநீர் வழிந்து குடிதண்ணீரில் கலக்கும்.

அளவு: நாலு அடி நீளம், நாலு அடி அகலம், மூன்று நாலு அடி உயரம். இதைவிடச் சின்னதாகப் போட்டால் மலைநாட்டுக் குளிரில் சூடு நிற்காது.

அடுக்கு: அடியில் கம்பு, குச்சி அரை அடிக்குப் போடுங்க, காற்று வர வழி வேணும். அதுக்கு மேலே காய்ந்தது எட்டு அங்குலம், பச்சை நாலு அங்குலம், சாணிக் கரைசல் ஒரு வாளி, ஒரு கை பழைய எருவோ நல்ல மண்ணோ. இதே வரிசையில் திரும்பத் திரும்ப அடுக்குங்க.

பச்சைக்கு எது நல்லது? பாதையோரத்தில் மஞ்சள் பூப் பூத்து நிற்கிற காட்டுச் சூரியகாந்தியை நாம் களை என்று நினைக்கிறோம். அதன் காய்ந்த இலையில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு நைதரசனும் நாலு பங்கு பொட்டாசியமும் இருக்கு. சீக்கிரம் மக்கும். பூத்து விதை விழுகிற முன்னே வெட்டுங்க. உயரம் குறைந்த தோட்டங்களில் வேலிக் கிளிரிசீடியா இலை நல்லது. நுவரெலியாக் குளிரில் அது சரியாக வளராது.

மூடுதல்: நம்ம பக்கத்து மழைதான் குவியலுக்குப் பெரிய எதிரி. திறந்து கிடந்தால் சத்து எல்லாம் வழிந்து போயிடும். மானாப் புல் கூரையோ, பழைய தகரமோ, சாக்கோ போட்டு மூடுங்க. மாட்டுப் பட்டிச் சாணியையும் இப்படித்தான் மூடி வைக்கணும். பட்டியில் இருந்து மூத்திரம் ஓடுகிற வழியில் சருகு நிரப்பின சின்னக் குழி வெட்டி வைத்து, நனைந்த சருகைக் குவியலில் போடுங்க. மூத்திரத்தில் உள்ள நைதரசனை நாம் சும்மா விடுகிறோம்.

கவனிப்பு: நடுவில் ஒரு கம்பைச் செருகி வைங்க. ஐந்தாம் நாள் பிடுங்கித் தொட்டால் நல்ல சூடு தெரியணும். குவியலில் இருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் வரணும். வழிந்தால் ஈரம் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் ஈரம் குறைவு. மூன்று வாரத்தில் ஒரு தடவை, பிறகு மாசத்துக்கு ஒரு தடவை வெளியில் உள்ளது உள்ளே போகிற மாதிரி புரட்டிப் போடுங்க. குளிர் கூடின தோட்டங்களில் மூன்று, நாலு மாசம் ஆகும். கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண் மணக்கிற மாதிரி மணந்தால் எரு தயார்.

5. எதைப் போடக் கூடாது?

பொலித்தீன், கண்ணாடி, பற்றறி. வாடல் நோயில் செத்த தக்காளி, உருளைக்கிழங்குச் செடி. வேர் வீங்கின கோவாச் செடி. களைநாசினி அடித்த புல். மாமிசம், மீன் கழிவு. நாயும் எலியும் காட்டுப் பன்றியும் தேடி வரும்.

தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையை அனுமதி இல்லாமல் எடுத்து வராதீங்க. அதுக்குச் சட்டம் இருக்கு. வீட்டில் தேத்தண்ணி வடித்த சக்கையைத் தாராளமாகப் போடலாம்.

அடுப்புச் சாம்பல் நல்லதுதான், பொட்டாசியம் இருக்கு. ஆனால் பச்சைச் சாணியோடும் யூரியாவோடும் சேர்த்துக் கலக்காதீங்க. நைதரசன் காற்றில் போயிடும். மக்கின பிறகு பாத்தியில் கொஞ்சமாகத் தூவுங்க.

இன்னொரு விஷயம், உடம்புக்கு. பச்சைச் சாணியைக் கீரைப் பாத்தியிலும் லீக்ஸ் பாத்தியிலும் போட்டால் கிருமி பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். மக்க வைத்த பிறகே போடணும். எரு வேலைக்குச் செருப்போ பூட்ஸோ போடுங்க. கால் கையில் காயம் இருந்தால் துணி கட்டுங்க, ஏற்பு ஊசி போட்டிருக்கா என்று பாருங்க. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்க.

6. புளிப்பு மண்ணும் டொலமைட்டும்

இது பல பேர் கவனிக்காத விஷயம். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், பி.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதுக்குச் சந்தோஷம். ஆனால் கரட், பீட்ரூட், கோவா, போஞ்சிக்கு 6 இல் இருந்து 6.5 வரை வேணும். நம்ம வீட்டுத் துண்டுகள் பெரும்பாலும் பழைய தேயிலை நிலம். அதனால் எவ்வளவு எரு போட்டாலும் பீட்ரூட் சுருண்டு நிற்கும். கோவா வேர் வீங்கும் நோயும் புளிப்பு மண்ணில்தான் அதிகம்.

இதுக்கு டொலமைட் போடணும். மண் பரிசோதனை செய்யாத இடத்தில் ஒரு பேர்ச்சுக்கு மூன்று கிலோ வரை தூவி, மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து எருவும் பயிரும் போடுங்க. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் மண் பரிசோதனைக்கு வழி சொல்லுவார். பரிசோதனை செய்த பிறகு அவர் சொல்கிற அளவே சரி.

7. எவ்வளவு போடணும்?

மேலே சொன்ன அளவுக் குவியல் மக்கி முடியும்போது பாதியாகக் குறையும். ஈரத்துக்கு ஏற்ற மாதிரி 150 முதல் 250 கிலோ வரை எரு கிடைக்கும். களைத்த நிலத்துக்கு ஒரு பேர்ச்சுக்கு ஒரு போகத்துக்கு 50 கிலோ போடுங்க. மண் தேறின பிறகு 25 கிலோ போதும். நாலு அங்குல ஆழத்துக்குள் கலந்து, மேலே சருகால் மூடுங்க.

எரு குறைவாக இருந்தால் நிலம் முழுக்கத் தூவி வீணாக்காதீங்க. ஒரு பாத்தியை முழுசாகத் தேத்தி, அடுத்த போகத்தில் அடுத்த பாத்திக்குப் போங்க. இடையில் ஒரு போகம் போஞ்சி போட்டு, காய் பறித்த பிறகு கொடியை வெட்டி மூடி, வேரை மண்ணிலேயே விடுங்க.

8. எருவால் மட்டும் எல்லாம் முடியுமா?

இதை மறைக்காமல் பேசணும். 2021 மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று நிறுத்தினது. அதே வருஷம் நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாக விழுந்தது. அந்தக் காலத்தில் கொழுந்து குறைந்த மலையில் கிலோக் கணக்குக்கு ஓடினது யார் என்று நமக்குத் தெரியும்.

அதைப் பார்த்துச் சிலர் "எரு எல்லாம் ஏமாத்து" என்று சொல்கிறாங்க. அது சரியில்லை. கணக்கைப் பாருங்க.

1,000 கிலோ தேயிலைத் தூள் எடுத்தால், அதோடு சுமார் 40 கிலோ நைதரசன் மலையை விட்டுப் போகுது. அதை ஈடு செய்ய 87 கிலோ யூரியா, அதாவது இரண்டு மூட்டைக்குள் அடங்கும். கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்குதான் நைதரசன் என்று வைத்தால், அதே 40 கிலோவுக்கு 4,000 கிலோ எரு வேணும். 50 கிலோ மூட்டையில் 80 மூட்டை. அதிலும் முதல் வருஷம் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும். அந்த 80 மூட்டையையும் செங்குத்து மலையில் ஏற்றுவது யாருடைய முதுகு?

ஆகையால் எருவும் பசளையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. எரு மண்ணைத் தேத்தும். பசளை பயிருக்கு ஊட்டும். மண் தேறத் தேறப் பசளை வீணாகிறது குறையும், வாங்குகிற அளவையும் படிப்படியாகக் குறைக்கலாம். ஒரே நாளில் நிறுத்தினதுதான் பிழை. மூன்று நாலு பேர்ச் வீட்டுத் துண்டுக்கு வேண்டிய எருவை ஒரு குடும்பம் தானே செய்ய முடியும். பெரிய மலைக்கு அது நிருவாகம் திட்டம் போட்டு, ஆளும் வாகனமும் கூலியும் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை.

மலையில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கவ்வாத்து வெட்டும்போது விறகுக்குத் தடித்த குச்சியை எடுத்தாலும், இலையையும் சின்னக் குச்சியையும் மலையிலேயே விடுங்க. சத்துப் பெரும்பாலும் இலையில்தான் இருக்கு.

9. கேட்கிறாங்க, சொல்கிறோம்

கேள்வி: குவியல் நாறுது. என்ன செய்ய?
பதில்: பச்சையும் ஈரமும் அதிகம், காற்றுப் போதவில்லை. காய்ந்த சருகு கலந்து புரட்டிப் போடுங்க. சூடே ஏறாவிட்டால் குவியல் சின்னது, அல்லது பச்சை குறைவு.

கேள்வி: கோழி எருவை நேரே போடலாமா?
பதில்: வேண்டாம். சூடு அதிகம், வேர் கருகும், இலையானும் சேரும். சருகோடு கலந்து மக்க வைத்துப் போடுங்க. சாணி இல்லாத வீட்டுக்குக் கோழி எரு நல்ல மாற்று.

கேள்வி: மாடும் இல்லை, கோழியும் இல்லை. எங்களால் முடியுமா?
பதில்: முடியும். காட்டுச் சூரியகாந்தி இலையைக் கூட்டிப் போடுங்க. இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு குவியல் போட்டால் வேலையும் குறையும், சூடும் நல்லா ஏறும்.

கேள்வி: இந்தத் துண்டுக்கு நம்ம பேரில் உறுதி இல்லை. நாளைக்கு எடுத்துக்கொண்டால் பட்ட பாடு வீண்தானே?
பதில்: நியாயமான கேள்வி. உறுதி இல்லாத மண்ணில் பாடுபட யாருக்கும் தயக்கம் வரும். அந்தக் கேள்விக்கு எருக் குவியல் பதில் ஆகாது. காணி உரிமைக்குத் தனியாகப் பேசத்தான் வேணும். ஆனால் எருப் போட்ட பாத்தி அடுத்த போகத்திலேயே பலன் தரத் தொடங்கும். அதனால் பத்து வருஷம் காத்திருக்க வேண்டிய முதலீடு இல்லை. கல்லணை கட்டுறது, மரம் வெட்டுறது போன்ற பெரிய வேலைக்கு முன் தோட்ட நிருவாகத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வைங்க. 7 பேர்ச் கிடைத்துப் புது வீட்டுக்குப் போனவங்க, வீடு கட்ட வெட்டிக் கொட்டின சிவப்பு மண்ணில் இருந்துதான் தொடங்கணும். இங்கே கற்ற வேலை அங்கேயும் உதவும்.

இந்த மாசம் செய்ய வேண்டியது

மூன்று சோதனையையும் செய்து எழுதி வைங்க.
ஒரு பாத்தியையாவது மலைக்குக் குறுக்கே திருப்புங்க.
வெறும் மண்ணைச் சருகால் மூடுங்க.
பீலிக்குக் கீழ்ப்பக்கம் இடம் பார்த்து, குவியலுக்கு அடிக்குச்சி அடுக்குங்க.
சாணிக்கும் குவியலுக்கும் மழை படாமல் கூரை போடுங்க.

நூற்றைம்பது வருஷமாகக் கழுவிப் போன மண் ஒரு போகத்தில் திரும்பி வராது. ஆனால் அடுத்த வருஷம் அதே குழியை வெட்டிப் புழுவை எண்ணும்போது, நாலு பத்தாகியிருந்தால், உங்க மண் தேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்கைக் கொப்பியில் எழுத மறக்காதீங்க.